விழுந்தெழும் சிறு மனிதன்

வீட்டுக் கூடத்தில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கும் குழந்தையைக் கண்டு மகிழாத பெற்றோர் இலர். இரண்டடி எடுத்து வைக்கும்; மூன்றாம் அடியில் விழும்; அழும்; பின்னர்த் தானே எழுந்து மீண்டும் நடக்கும். ஒரு சில மாதங்களில் அக்குழந்தையின் மூளையும் தசைகளும் செவிக்குள் அமைந்த சமநிலை உறுப்பும் ஒன்றுகூடி எத்தகைய அரிய கணக்கைப் போட்டு முடிக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நடப்பது நமக்கு அத்துணை எளிதாகிவிட்டது.

அந்த நடையை ஓர் இயந்திரத்திற்குக் கற்பிக்கப் புகுந்தவர்களே அதன் அருமையை முற்றும் உணர்ந்தார்கள். உலகின் பல நாடுகளில் மாணவர்களும் ஆசிரியர்களும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் மேசை விளக்கின்கீழ் அமரும் ஆர்வலர்களும் இம்முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். அவர்கள் கையில் இருப்பவை திரைப்படங்களில் நாம் காணும் இராட்சத உருவங்கள் அல்ல. ஒரு முழம் அல்லது ஒன்றேகால் முழ உயரமே உள்ள சின்னஞ்சிறு மனித வடிவ ரோபோக்கள்.

“என் மகன் எந்நேரமும் கணிப்பொறியும் கம்பியும் திருப்புளியுமாக இருக்கிறான், இதெல்லாம் எதற்கு உதவும்?” என்று கேட்கும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இச்சிறு மனிதர்களின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன்.

பொம்மையா, தறியா?

கடையில் வாங்கும் பொம்மைக்குச் சாவி கொடுத்தால் அது ஆடும். அதை ஆட வைத்த அறிவு தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. வாங்கியவருக்கு வேடிக்கை பார்ப்பது ஒன்றே வேலை. நாம் பேசப்போகும் ரோபோக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. தறியை வாங்கியவருக்கு உடனே சேலை கிடைத்துவிடுமா? நெய்யத் தெரிந்தால்தான் கிடைக்கும். அதுபோல, இந்த ரோபோவை வாங்கியவர் தாமே புரோகிராம் என்னும் கட்டளைத் தொடரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத வரையில் அது தானாக ஒன்றும் கற்றுக்கொள்ளாது. பிழையாக எழுதினால் பிழையாகவே நடக்கும்; உடனே விழும். எழுதியவரின் பிழையை மறைத்து வைக்க அதற்குத் தெரியாது.

இந்த ஆர்வம் பெருமளவில் வேரூன்றிய நாடு ஜப்பான். ஹோண்டா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘அசிமோ’ என்னும் நடக்கும் ரோபோவை உலகுக்குக் காட்டியது. சோனி நிறுவனம் ‘குரியோ’ என்னும் சிறு ரோபோவை உருவாக்கி ஆடவும் ஓடவும் வைத்தது. ஆனால் குரியோ விற்பனைக்கு வரவேயில்லை; 2006-இல் அம்முயற்சியே கைவிடப்பட்டது. பெரும் பொருட்செலவில் நிறுவனங்கள் செய்ததைச் சாதாரண மக்களும் செய்து பார்க்க விரும்பினர். வானொலி அலையால் இயங்கும் விளையாட்டு விமானங்களிலும் கார்களிலும் சர்வோ என்னும் சிறு மோட்டார்கள் இருக்கும். இவ்வளவு பாகை திரும்பு என்றால் சரியாக அவ்வளவே திரும்பி நிற்பது அதன் சிறப்பு. ஆர்வலர்கள் அவற்றையே முழங்காலாகவும் தோளாகவும் வைத்துத் தம் ரோபோக்களைக் கட்டினர். அவ்வாறு கட்டியவற்றை மோதவிடும் ‘ரோபோ ஒன்’ என்னும் போட்டி 2002-இல் தொடங்கிற்று. 2004-இல் கோண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 17 மோட்டார்கள் கொண்ட, 34 செ.மீ. உயரமுள்ள கே.எச்.ஆர்.-1 என்னும் ரோபோவை உதிரிப் பாகங்களாகவே விற்கத் தொடங்கியது. வீட்டு மேசையில் அமர்ந்து ஒரு மனித உருவை முடுக்கிச் சேர்ப்பது அதுமுதல் எட்டிப் பிடிக்கக்கூடிய ஆசையாயிற்று.

பாரிஸ் நகரத்துச் சிறுவன்

2005-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தலைநகரில் புருனோ மேசோனியே என்பவர் ஆல்டெபரான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குப் பிறந்ததே ‘நாவோ’. உயரம் 58 செ.மீ.; எடை ஐந்தரை கிலோ அளவு. தலை முதல் கால்வரை 25 வகை அசைவுகள் அதற்கு உண்டு. வட்டக் கண்கள் இரண்டும் வண்ண விளக்குகளால் ஒளிரும். ஆனால் அக்கண்களால் அது பார்ப்பதில்லை! பார்க்கும் காமிராக்கள் நெற்றியில் ஒன்றும் வாயருகே ஒன்றுமாக உள்ளன. நெற்றிக் காமிரா தொலைவில் இருப்பதையும், வாயருகே உள்ளது காலடியில் கிடப்பதையும் காணும். மார்பிலுள்ள கருவி, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எதிரே உள்ள சுவரின் தூரத்தை அறியும். ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் நான்கு அழுத்தமானிகள் உண்டு. உடலின் எடை குதிகாலில் விழுகிறதா, விரற்பக்கம் விழுகிறதா என்பதை அவை இடைவிடாது தெரிவிக்கும்.

புதிதாகக் கற்பவருக்கென ஒரு வழியும், தேர்ந்தவருக்கென வேறொரு வழியும் இதில் அமைந்துள்ளன. சிறுவர்கள் கணிப்பொறித் திரையில் ‘எழு’, ‘நட’, ‘பேசு’ என்பன போன்ற கட்டங்களை எடுத்துக் கோடுகளால் இணைத்தால் போதும். ரோபோ அவ்வரிசைப்படியே செய்யும். அக்கட்டத்தைத் திறந்தால் உள்ளே பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்ட கட்டளைகள் தெரியும். அவற்றை மாற்றி எழுதலாம், புதிதாகவும் எழுதலாம். இவ்வாறு படிப்படியாக உள்ளே செல்ல இடமிருந்ததனால் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நாவோ இடம்பெற்றது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்தோரும் இதனைப் பயன்படுத்தினர். விலையோ பல ஆயிரம் யூரோ. ஆதலால் தனியொரு வீட்டைவிட நிறுவனங்களே இதனை மிகுதியாக வாங்கின.

இதனோடு பழகியவர்கள் கூறும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. நாம் நிற்கும்போது ஓய்வாக நிற்கிறோம் என்று எண்ணுகிறோம். நாவோவுக்கோ நிற்பதே பெரும் உழைப்பு. முழங்கால் மோட்டார்கள் உடலின் பாரத்தை ஓயாமல் தாங்கிச் சூடேறிவிடும். எனவே வேலையில்லாத வேளையில் அதனைக் குந்தி உட்காரச் செய்து இளைப்பாற விடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு சிறியது?

மனிதனைப் போலவே செய்ய வேண்டுமென்றால் மனிதனின் உயரத்திலேயே செய்யலாமே என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை எளிய கணக்கில் உள்ளது. ஓர் உருவத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் தடிப்பும் உடன் இருமடங்காகும். ஆகவே எடை எட்டு மடங்காகிவிடும். விழும் உயரமும் இருமடங்காவதால், தரையில் மோதும் ஆற்றல் பதினாறு மடங்காகும். அந்த அடியைத் தாங்க வேண்டிய கை கால்களின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே பெருகும். எறும்பு மேசையிலிருந்து விழுந்தால் ஒன்றுமாவதில்லை. யானை ஓரடிப் பள்ளத்தில் விழுந்தாலும் எலும்பு முறியலாம் என்பதும் இக்கணக்கே.

சிறிய ரோபோ நாளொன்றுக்குப் பலமுறை விழலாம். விழப்போவதை அறிந்தவுடன் நாவோ கைகளை முன்னே கொணர்ந்து, மூட்டுகளின் விறைப்பைத் தளர்த்திக்கொள்ளும். விழுந்தபின் தரையைக் கையால் ஊன்றி எழுந்துவிடும். ஆளுயர ரோபோ ஒருமுறை விழுந்தால் பழுது பார்க்கும் செலவே பெரிது. அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. விழ முடியாதவன் நடை பழகுவது எங்ஙனம்? கற்பவர் கையில் சிறிய உருவத்தைக் கொடுத்ததன் காரணம் இதுவே.

எனினும் சிறுமையால் ஒரு தொல்லையும் உண்டு. நீண்ட மூங்கிற் கழியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். சற்று முயன்றால் நிறுத்திவிடலாம். பென்சிலை அவ்வாறு நிறுத்த இயலுமா? அது விழும் வேகத்திற்கு நம் கை ஈடுகொடுக்க முடிவதில்லை. குட்டையானது விரைவில் சாயும். ஆகவே சிறு ரோபோவின் கணிப்பொறி, பாதத்தின் அழுத்தத்தையும் உடலின் சாய்வையும் ஒரு நொடிக்குள் பல பத்து முறை அறிந்து, அத்தனை முறையும் மூட்டுகளைத் திருத்த வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்தில் உடலின் பாரம் உள்ளங்கைப் பரப்பேயுள்ள பாதத்தின் எல்லைக்குள் விழவேண்டும். எல்லையைத் தாண்டினால் தரையில்தான்!

ஒரே உடல், வெவ்வேறு அறிவு

இத்தகைய ரோபோக்கள் மனிதரின் உதவியின்றித் தாமே கால்பந்து ஆடும் ‘ரோபோகப்’ என்னும் உலகப் போட்டி 1997-இல் ஜப்பானின் நகோயா நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 2050-ஆம் ஆண்டுக்குள் மனித உலகக் கோப்பையை வென்ற அணியை ரோபோ அணியொன்று வெல்ல வேண்டும் என்பது அதன் அமைப்பாளர்கள் வகுத்த குறிக்கோள். அது நிறைவேறுமா என்பதைக் காலம் சொல்லும். இப்போட்டியின் ஒரு பிரிவில் இருந்த விதியே நம் கருத்தைக் கவர்கிறது. அப்பிரிவில் எல்லா அணிகளும் ஒரே வகை ரோபோவையே பயன்படுத்த வேண்டியிருந்தது; அதன் உடலில் எவ்வித மாற்றமும் செய்ய இடமிருக்கவில்லை. முதலில் சோனி நிறுவனத்தின் ‘ஐபோ’ என்னும் இயந்திர நாய் அவ்விடத்தை வகித்தது. 2008-இல் சீனாவின் சூசோ நகரில் நடந்த போட்டி முதல் அவ்விடத்திற்கு நாவோ வந்தது.

இவ்விதியின் பொருள் என்ன? செல்வம் மிகுந்த பல்கலைக்கழகம் வலிய கால்களைச் செய்து வென்றுவிட முடியாது. உடல் அனைவர்க்கும் பொது. வெற்றியும் தோல்வியும் எழுதப்பட்ட கட்டளைகளின் திறத்தைப் பொறுத்தவை. ஆட்டம் தொடங்கியபின் மாணவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பந்து எங்கே, இலக்கு எங்கே, தோழன் யார், எதிரி யார் என்பதையெல்லாம் ரோபோவே கண்டு முடிவு செய்ய வேண்டும்.

பல ஆண்டுகள் பந்தின் நிறம் செம்மஞ்சள். பசுந்தரையில் அந்நிறத்தைத் தேடினால் போதும், பந்து கிடைத்துவிடும். 2016-இல் கறுப்பும் வெள்ளையுமான பந்தைப் புகுத்தினார்கள். தரையில் கோடுகளும் வெள்ளை, இலக்குக் கம்பங்களும் வெள்ளை, ரோபோக்களின் உடலும் பெரும்பாலும் வெள்ளை! நேற்றுவரை பந்தைக் கண்ட கண் குருடாயிற்று. எழுதியவற்றைக் கைவிட்டு எல்லா அணிகளும் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிறப்பையும் கூற வேண்டும். ஜெர்மனியின் பிரேமன் நகரைச் சேர்ந்த ‘பி-ஹியூமன்’ அணி பலமுறை வாகை சூடியது. வென்ற கட்டளைகளை ஒளித்து வைக்காமல், அனைவரும் எடுத்துப் பயிலுமாறு அது வெளியிட்டு வந்துள்ளது. அடுத்த ஆண்டு அவற்றைப் படித்தவரே எதிரணியில் நின்று தம்மைத் தோற்கடிக்கக்கூடும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தனர்.

சாவி யாரிடம்?

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். சோனி நிறுவனம் 1999-இல் ஐபோ நாயை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, ஜப்பானில் 3,000 நாய்கள் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. 2006-இல் அதன் உற்பத்தி நின்றது. 2014-இல் பழுது பார்க்கும் பணியும் நின்றது. முதியோர் பலர் அதனைக் குடும்பத்தில் ஒருவராகவே பாவித்து வந்தனர். உதிரிப் பாகம் கிடைக்காத நிலையில், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர் செயலிழந்த நாய்களிலிருந்து பாகங்களை எடுத்துப் பிறவற்றுக்குப் பொருத்தினர். சீபா மாவட்டத்துப் புத்த ஆலயம் ஒன்றில், 2015 முதல், இவ்வாறு பாகம் தந்த நாய்களுக்கு இறுதிச் சடங்குகளும் நடத்தப்பட்டன. 2018-இல் சோனி புதிய ஐபோவை வெளியிட்டதாயினும், பழையவற்றுக்கு அதனால் உயிர் வந்துவிடவில்லை.

நாவோவைச் செய்த ஆல்டெபரானும் கைமாறிக்கொண்டே இருந்தது. 2012-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் அதனைக் கைக்கொண்டது. 2022-இல் ஜெர்மானியக் குழுமம் ஒன்றிடம் சென்றது. 2025 ஜூன் மாதத்தில் பாரிஸ் வணிக நீதிமன்றத்தின் ஆணைப்படி நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன் முக்கிய உடைமைகளை அடுத்த மாதமே சீன நிறுவனம் ஒன்று வாங்கியது. பல ஆண்டுகளாக உலகெங்கும் வகுப்பறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நின்ற ஒரு சிறு மனிதனின் நல்வாழ்வு, தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அன்று பலர் உணர்ந்தனர். இயந்திரம் நம் மேசைமீது இருந்தாலும், அதன் சாவி பிறர் கையில் இருக்குமானால் அது முழுவதும் நம்முடையது ஆகாது.

வரைபடத்தைக் கொடுத்தவர்கள்

இதனை முன்னரே எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டென்னிஸ் ஹாங்கின் குழுவினரும் கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனமும் சேர்ந்து ‘டார்வின்-ஓபி’ என்னும் ரோபோவை 2010-இல் வெளியிட்டனர். உயரம் ஒரு முழம், அதாவது 45 செ.மீ. அளவு, மோட்டார்கள் 20. பணம் உள்ளவர் வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று அதன் வரைபடங்களையும் கட்டளைகளையும் அனைவருக்கும் வழங்கினர். அடுத்த ஆண்டு இஸ்தான்புல் ரோபோகப்பில், சிறு மனித ரோபோக்களின் பிரிவில் அது வாகை சூடியது. பிரான்சின் போர்தோ நகரத்து இன்ரியா ஆய்வுக்கூடத்தார் அதைவிட உயரமான ‘பாப்பி’ என்னும் ரோபோவை உருவாக்கினர். முப்பரிமாண அச்சுப்பொறி, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக இட்டு உறுப்புகளை வார்க்கும். அவ்வாறு வார்த்த எலும்புகளே அதன் உடல். வேண்டுவோர் காலின் வடிவையே மாற்றி அச்சிட்டு, நடை எவ்வாறு மாறுகிறது என்று சோதிக்கலாம்.

அதே நாட்டுச் சிற்பி கையேல் லாங்ஜெவின் செய்ததோ ஆளுயர ரோபோ. ஆயினும் அதன் கதை இச்சிறு மனிதர்களின் கதையோடு சேர்ந்ததே. 2012-இல் அவர் அச்சுப்பொறியால் ஒரு கையைச் செய்தார். அதன் வரைபடத்தை யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். நாளடைவில் அக்கையோடு தோளும் தலையும் சேர்ந்து ‘இன்மூவ்’ என்னும் ரோபோ ஆயிற்று. ரென் நகரில் நிக்கோலா யூஷே என்ற இளைஞர் இருந்தார். 2002-இல் தொழிற்சாலை விபத்தொன்றில் தம் வலக் கையை இழந்தவர் அவர். விரல்கள் தனித்தனியே அசையும் செயற்கைக் கை மிகுந்த விலையுடையது, அவருக்கு எட்டவில்லை. அவ்வூரிலிருந்த பொதுப் பட்டறைக்குச் சென்று, “எனக்கொரு கை செய்ய முடியுமா?” எனக் கேட்டார். அங்கிருந்தோர் லாங்ஜெவின் வெளியிட்ட ரோபோக் கையின் வரைபடத்தை எடுத்தனர். அதனை அடிப்படையாக வைத்து, மலிவான மோட்டார்களையும் சிறு மின்சுற்றையும் கொண்டு, அவரும் அவர்களும் சேர்ந்தே ஒரு கையைச் செய்தனர். முன்கைத் தசையின் மெல்லிய மின் துடிப்பை உணர்ந்து அதன் விரல்கள் மூடித் திறந்தன. ஒரு சிற்பி ரோபோவுக்கெனச் செய்த கை, ஊனமுற்ற ஒரு தொழிலாளியின் கைக்கு வழிகாட்டிற்று! வரைபடத்தை அவர் பூட்டி வைத்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

பெற்றோர் எண்ணிப் பார்க்க

அன்புள்ள பெற்றோரே! விலையுயர்ந்த ரோபோவை உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இத்தகைய பொருள் ஒன்று உங்கள் வீட்டுக்கோ பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ வர நேர்ந்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். இதைத் திறந்து பார்க்கலாமா? ஒரு மோட்டார் பழுதானால் அதைத் தனியே வாங்கிப் பொருத்த முடியுமா? இதில் எழுதிய கட்டளைகளைப் பிள்ளை தன்னிடமே வைத்துக்கொள்ள முடியுமா? செய்த நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் இது இயங்குமா? காமிராவும் ஒலிவாங்கியும் உடைய பொருள் ஆதலால், அது கண்டதும் கேட்டதும் வீட்டைவிட்டு வெளியே எங்கேனும் செல்கிறதா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காவிடில், பகட்டான ரோபோவைவிட நான்கு மோட்டார்களும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும் நல்லவை. அவற்றைக் கொண்டு பிள்ளை செய்யும் கோணல்மாணலான ஒற்றைக் கையிலும் கற்பதற்கு ஏராளம் உண்டு.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். வட்டக் கண்ணும் சிறு வாயும் உடைய இவ்வுருவத்தைக் கண்டால் சிறு குழந்தைகள் அதற்கு மனமும் நோவும் உண்டென்று எண்ணிவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். ஒருநாள் அதன் முதுகைத் திறந்து காட்டுங்கள். அல்லது அண்ணன் எழுதிய கட்டளையில் ஓர் எண்ணை மாற்றச் சொல்லி, அந்த ஒரு மாற்றத்தால் அது தடுமாறுவதைக் காணச் செய்யுங்கள். பயமும் மயக்கமும் நீங்கும், ஆர்வம் நிலைக்கும்.

நடைவண்டிக் குழந்தையை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். விழும்போது அதற்கு வலிக்கிறது; தாயைப் பார்க்கிறது; எழுகிறது. ரோபோவுக்கு விழுந்ததும் தெரியும், எழவும் தெரியும். ஆனால் வெட்கமும் வலியும் தெரியா. அவையெல்லாம் மேசைக்கு இப்பால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கே உரியவை. நூறாவது முறை விழுந்த ரோபோவைத் தூக்கி நிறுத்தி, “பிழை என்னிடந்தான் உள்ளது” என்று பொறுமையோடு மீண்டும் எழுதத் தொடங்குகிறானே, அவன்தான் உண்மையில் நடை பழகுகிறான். உங்கள் மகனோ மகளோ அவ்வாறு அமர்ந்திருக்கக் கண்டால், “எதற்கு உதவும்?” என்று கேட்குமுன் சற்று நேரம் அருகே உட்கார்ந்து பாருங்கள்.